பயிற்சியும் படபடப்பும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்திருக்கும் கடிதங்களில் பாதிக்கு மேல், ‘ஊக்கம் தரும்படி நாலு வார்த்தை சொல்லுங்கள்’ என்றே முடிகின்றன. நாலு வார்த்தையில் கிடைக்கும் ஊக்கம் நாலு நாளைக்குக்கூடத் தாங்காது என்பது நாடக மேடையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்த என் அனுபவம். ஆகவே, கேட்டவர்கள் வருத்தப்படாமல் இருந்தால், அவரவர் செய்யும் வேலையைப் பற்றியே பேசலாம்.

கேள்வி: அம்மா, நான் ஆறு ஆண்டுகளாக வாய்ப்பாட்டு கற்று வருகிறேன். தினமும் இரண்டு மணி நேரம் தவறாமல் சாதகம் செய்கிறேன். முதல் மூன்று ஆண்டுகளில் கண்ணுக்குத் தெரிந்த வளர்ச்சி பிறகு நின்றுவிட்டது. என்னுடன் தொடங்கியவர்கள் மேடை ஏறிவிட்டார்கள். எனக்குத் திறமை இல்லை என்று ஒப்புக்கொள்வதுதான் நேர்மையா?

பதில்: அந்த இரண்டு மணி நேரத்தில் எத்தனை முறை பாட்டைப் பாதியில் நிறுத்துகிறீர்கள் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. எனக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டும். தொடங்கிய பாட்டை முடிவு வரை பாடி, அடுத்த பாட்டுக்குப் போய், இரண்டு மணி நேரம் கழித்து மனநிறைவோடு எழுந்திருக்கிறீர்கள் என்றால், அது பாடியதாகும், சாதகம் செய்ததாகாது.

ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியல் அறிஞரும் அவருடைய சகாக்களும் பெர்லினில் இசை பயின்ற வயலின் மாணவர்களை ஆராய்ந்து 1993இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மிகச் சிறந்த மாணவர்கள் இருபது வயதுக்குள் சராசரியாகப் பத்தாயிரம் மணி நேரம் தனியே பயிற்சி செய்திருந்தார்கள் என்பது அதில் வந்த கணக்கு. பின்னாளில் அந்த எண் மட்டும் ஊரெல்லாம் பரவி, பத்தாயிரம் மணி நேரம் செலவிட்டால் யாரும் வித்துவான் ஆகிவிடலாம் என்ற பேச்சாகத் திரிந்தது. எரிக்சனே அந்தத் திரிபை மறுத்தார். தன் எல்லைக்குச் சற்று அப்பால் உள்ள ஒன்றைக் குறிவைத்து, பிழையை உடனுக்குடன் கண்டு, திருத்தித் திரும்பச் செய்வதையே அவர் பயிற்சி என்று சொன்னார். அந்த மாணவர்கள் ஒரே மூச்சில் நாள் முழுவதும் வாசிக்கவுமில்லை. இடைவெளி விட்டு வாசித்தார்கள். நடுவில் தூங்கவும் செய்தார்கள்.

என்னிடம் நடிப்புப் பயிற்சிக்கு வந்த ஓர் இளைஞருக்கு எட்டு வரித் தனிமொழி ஒன்று கொடுத்திருந்தேன். ஆறாவது வரியில் ஒவ்வொரு முறையும் மூச்சு வாங்கிக் குரல் மெலிந்துவிடும். உடனே முகம் சுளித்து முதல் வரியிலிருந்து தொடங்குவார். ஒரு மாலை முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது முறை சொன்னார் என்றால் முதல் வரி நாற்பது முறை மெருகேறியது; ஆறாவது வரி நாற்பது முறை அதே பிழையோடு மனத்தில் பதிந்தது. ஐந்தாவது வரியின் கடைசி மூன்று சொற்களையும் ஆறாவதன் முதல் நான்கு சொற்களையும் மட்டும் சொல்லச் சொன்னேன். மூச்சைத் தோளை உயர்த்தி அரைகுறையாக எடுக்கிறார் என்பதும், அதை எடுக்கும் இடம் இரண்டு சொற்கள் தாமதமாக வருகிறது என்பதும் அப்போதுதான் அவருக்கே தெரிந்தன. மூச்செடுக்கும் இடத்தைப் பிரதியில் பென்சிலால் குறித்தார். கால் மணி நேரத்தில் அந்த வரி நிமிர்ந்து நின்றது.

நீங்களும் உங்கள் பாட்டைப் பதிவு செய்யுங்கள். அன்றே கேட்க வேண்டாம். அன்று நாம் பாட நினைத்ததுதான் காதில் விழும், பாடியது விழாது. மறுநாள் கேட்டு, சுருதி தளரும் இடங்களையும் தாளம் ஓடும் இடங்களையும் குறித்து, அவற்றில் இரண்டை மட்டும் அந்த வாரத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மேல் ஸ்தாயியில் ஒரு தாவல், ஒரு வேகமான பிடி என்ற அளவுக்கு அது சிறியதாக இருக்கட்டும். சாதகத்தின் முதல் இருபது நிமிடம், மனம் புதிதாக இருக்கும்போது, அவற்றுக்கு மட்டுமே. பிறகு ஆசை தீரப் பாடுங்கள்.

திறமையைப் பற்றிக் கேட்டதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வந்த ஒரு மதிப்பீடு, இசைக் கலைஞர்களிடையே காணப்படும் தரவேறுபாட்டில் ஏறத்தாழ 21 விழுக்காட்டைத்தான் இத்தகைய பயிற்சியைக்கொண்டு விளக்க முடியும் என்றது. ஆகவே உழைத்தால் உச்சிக்குப் போய்விடலாம் என்று நான் வாக்களிக்க மாட்டேன். ஆனால் ஒரே மாதிரி சாதகத்தை மூன்று ஆண்டுகளாகத் திருப்பித் திருப்பிச் செய்தவர், வளர்ச்சி நின்றதற்குத் தன் திறமையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அவசரத் தீர்ப்பு. முதலில் முறையை மாற்றி ஆறு மாதம் பாருங்கள்.

கேள்வி: மேடைக்குப் போகும் நேரம் வந்ததும் கை சில்லிட்டு, நாக்கு வறண்டு, வயிறு கலங்குகிறது. ஒத்திகையில் குறையில்லாமல் செய்வதெல்லாம் மறந்துவிடுமோ என்ற பயம். கூச்சத்தை முற்றிலும் ஒழிக்க வழி உண்டா?

பதில்: முற்றிலும் ஒழிக்க வழி எனக்குத் தெரியாது; ஒழித்தவர் யாரையும் நான் சந்தித்ததில்லை. செல்லோ மேதை பாப்லோ கசால்ஸ் 1901இல் சான்ஃபிரான்சிஸ்கோ அருகே மலை ஏறும்போது பாறை ஒன்று உருண்டு விழுந்து இடக்கையை நசுக்கியது. இனி செல்லோ வாசிக்க வேண்டியதில்லை என்ற நிம்மதியே தனக்கு முதலில் தோன்றியது என்று அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். மேடை அச்சம் அவரை அந்த அளவுக்கு ஆட்டி வைத்திருந்தது. கை குணமாகி, தொண்ணூறு வயதைத் தாண்டியும் அவர் மேடையில் இருந்தார். அச்சமும் கூடவே இருந்தது. நடிகர் லாரன்ஸ் ஒலிவியரை அது இன்னும் விசித்திரமாகப் பிடித்தது. ஐம்பது வயதைக் கடந்து, புகழின் உச்சியில் நிற்கும்போது தொடங்கி, சில ஆண்டுகள் அவரை விடவில்லை. அனுபவம் கூடினால் பயம் தானாகப் போய்விடும் என்று சொல்பவர்களுக்கு அவரைத்தான் உதாரணம் காட்டுவேன்.

உங்கள் கை சில்லிடுவது உடம்பு தயாராகிறது என்பதற்கு அடையாளம். அட்ரினலின் சுரந்து, தோலுக்குப் போகும் ரத்தம் குறைந்து, தசைகளுக்குத் திரும்புகிறது. உற்சாகத்திலும் உடம்பில் ஏறத்தாழ இதே மாற்றங்கள்தான் நிகழ்கின்றன. 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், பிறர் முன்னிலையில் பாட வேண்டியவர்களில் ஒரு பகுதியினரை ‘எனக்கு உற்சாகமாக இருக்கிறது’ என்றும், இன்னொரு பகுதியினரை ‘எனக்குப் பதற்றமாக இருக்கிறது’ என்றும் வாய்விட்டுச் சொல்ல வைத்தார்கள். உற்சாகம் என்று சொன்னவர்கள் சுருதி பிசகாமல் நன்றாகவே பாடினார்கள். அமைதியாக இரு, அமைதியாக இரு என்று உங்களையே அதட்டிக்கொள்வதைவிட இது எளிது. அதட்டி அடங்கிய மனத்தை நான் கண்டதில்லை.

திருக்குறளில் ‘அவையஞ்சாமை’ 73ஆம் அதிகாரம். அதற்கு முந்தைய 72ஆம் அதிகாரம் ‘அவையறிதல்’. இந்த வரிசையை நான் மாணவர்களுக்கு அடிக்கடி நினைவூட்டுவதுண்டு. அரங்கம் காலியாக இருக்கும்போதே போய் மேடை நடுவில் நில்லுங்கள். விளக்கு கண்ணில் எங்கே அடிக்கிறது, கடைசி வரிசைக்குக் குரல் எப்படிப் போய்ச் சேருகிறது, பலகை எங்கே கிறீச்சிடுகிறது என்று பாருங்கள். அறிந்த இடத்தில் அஞ்சுவதற்குப் பாதிக் காரணம் குறைந்துவிடும். நிகழ்ச்சியின் முதல் ஒரு நிமிடத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செய்யும் அளவுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள்; படபடப்பு உச்சத்தில் இருப்பது பெரும்பாலும் அந்த நிமிடத்தில்தான். உள்ளே போவதற்கு முன் மூச்சை இழுக்கும் நேரத்தைப்போல் இரு மடங்கு நேரம் எடுத்து வெளியே விடுங்கள்.

மறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு பதில் இருக்கிறது. எனக்கு இருபத்தாறு வயதில், ஒரு நாடகத்தின் இரண்டாம் காட்சியில், வசனம் அடியோடு போய்விட்டது. எடுத்துக்கொடுக்க வேண்டியவர் ஓரத்திரைக்குப் பின்னால் பக்கத்தைத் தவறாகப் புரட்டியிருந்தார். கையில் ஒரு கடிதம் வைத்திருக்கும் காட்சி அது. அந்தக் கடிதத்தை மெதுவாக மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன். அதற்குள் எதிரே நின்ற நடிகர் தன் அடுத்த வரியைச் சொல்லி என்னை மீட்டார். யுகம் போலத் தோன்றிய அந்த மௌனம், ஒலிப்பதிவைக் கேட்டபோது ஒன்பது நொடிதான். அந்த இடத்தில் கடிதத்தை வைத்து நான் செய்தது மிக நன்றாக இருந்தது என்று பார்வையாளர் ஒருவர் பாராட்டினார். அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: நான் சிறுகதை எழுதுகிறேன். அலுவலக வேலை முடிந்து வந்தால் உடம்பும் மனமும் ஒத்துழைப்பதில்லை. வேலையை விட்டுவிட்டு முழு நேரம் எழுதினால்தான் உருப்படுவேன் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். தங்கள் ஆலோசனை என்ன?

பதில்: நண்பர்கள் உங்கள் மாதச் செலவை ஏற்றுக்கொள்ளத் தயாரா என்று முதலில் கேட்டுவிடுங்கள். இசையமைப்பாளர் ஃபிலிப் கிளாஸின் ஓபரா 1976இல் நியூயார்க்கின் மிகப் பெரிய ஓபரா அரங்கில் நிகழ்ந்தது. அதற்குப் பிறகும் அவர் டாக்ஸி ஓட்டினார். நாற்பது வயதைத் தாண்டிய பிறகே இசையை மட்டும் நம்பி வாழ முடிந்தது. ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி டிரலோப் அஞ்சல் துறையில் பணியாற்றிக்கொண்டே எழுதினார். விடியற்காலை ஐந்தரைக்கு மேசைக்கு வந்து, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்று கணக்கு வைத்து எழுதியதாக அவரே குறிப்பிட்டிருக்கிறார். இதைப் படித்துவிட்டு அவரைக் கலைஞரல்ல, குமாஸ்தா என்று ஏளனம் செய்தவர்களும் உண்டு. நாவல்கள் மட்டும் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன.

களைத்த மாலையை எழுத்துக்குக் கொடுக்காதீர்கள் என்பதே நான் சொல்லக்கூடியது. அலுவலகத்துக்குக் கிளம்பும் முன் நாற்பது நிமிடம் போதும். முந்தைய நாள் எழுதி நிறுத்தும்போது வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிடுங்கள். மறுநாள் வெள்ளைத் தாளைப் பார்த்து மலைக்க வேண்டியிருக்காது, அந்த வாக்கியத்தை முடிக்கும் வேலை காத்திருக்கும். கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். எழுத வரவில்லை என்றாலும் அந்த நாற்பது நிமிடம் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள். சும்மா உட்கார்ந்திருப்பதன் அலுப்பே பல நாள் என்னை எழுத வைத்திருக்கிறது. வேலையை விடுவதைப் பற்றி, ஓராண்டு இப்படி எழுதிய பிறகு, ஆறு மாதச் செலவுக்குக் கையில் பணம் இருந்தால் யோசிக்கலாம்.

கேள்வி: எனக்கு நாற்பத்து மூன்று வயது. இப்போது ஓவியம் கற்கத் தொடங்கினால் பிறர் சிரிக்க மாட்டார்களா?

பதில்: சிலர் சிரிப்பார்கள். வான்கோ ஓவியராவது என்று முடிவு செய்தபோது அவருக்கு இருபத்தேழு வயது. அதுவே காலங்கடந்த தொடக்கம்தான். பாலே நடனம் என்று கேட்டிருந்தால் உங்கள் மூட்டுகளை உத்தேசித்துத் தயங்கியிருப்பேன். ஓவியத்துக்கு அந்தத் தடையில்லை. முதல் ஆண்டில் வரைந்ததை யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொண்டால் சிரிப்பவர்களும் காத்திருக்க வேண்டியதுதான்.

கேள்வி: நடிகர் தேர்வுகளுக்குப் பதினொரு முறை போய்விட்டேன். ஒரு முறையும் தேர்வாகவில்லை, காரணமும் சொல்வதில்லை. நண்பர்களிடம் நடித்துக் காட்டினால் ‘நன்றாக இருக்கிறது’ என்கிறார்கள். நான் எங்கே தவறுகிறேன் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: தேர்வு செய்யும் மேசையின் அந்தப் பக்கத்திலும் நான் உட்கார்ந்திருக்கிறேன். அக்காவாக நடிக்கத் தேர்ந்தெடுத்தவர் குள்ளமாக இருந்ததால், தம்பி வேடத்துக்கு வந்த நல்ல நடிகர் ஒருவரை உயரத்துக்காகவே திருப்பி அனுப்ப நேர்ந்தது. அவர் வீட்டுக்குப் போய்த் தன் நடிப்பில் என்ன குறை என்று எத்தனை இரவு யோசித்தாரோ தெரியாது. ஆகையால் ஒவ்வொரு தேர்வுக்குப் பிறகும் ஒரு குறிப்பேட்டில் உங்கள் கையில் இருந்தவற்றை மட்டும் எழுதுங்கள்: வசனம் மனப்பாடமாக இருந்ததா, நேரத்துக்குப் போனேனா, மாற்றிச் செய்து காட்டச் சொன்னபோது உண்மையிலேயே மாற்றினேனா. மூன்றாவது கேள்வியில்தான் பலர் தவறுகிறார்கள். இயக்குநர் ‘கோபமில்லாமல் சொல்லுங்கள்’ என்றால், அதே கோபத்தைக் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். சொன்னதைக் கேட்டு மாறக்கூடியவரா என்று பார்ப்பதற்காகவே பெரும்பாலும் அப்படிக் கேட்கிறோம்.

நண்பர்களிடம் ‘எப்படி இருந்தது?’ என்று கேட்டால் ‘நன்றாக இருக்கிறது’ என்ற பதில்தான் வரும்; அது அன்பின் பதில், அதைக் குறைசொல்ல முடியாது. கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: ‘எந்த இடத்தில் உங்கள் கவனம் விலகியது?’ இந்தக் கேள்விக்கு முகத்தாட்சணியம் பார்க்கிறவர்கள்கூட உண்மை சொல்லிவிடுவார்கள், ஏனென்றால் அவர்கள் உங்களை மதிப்பிட வேண்டியதில்லை, தங்களுக்கு நேர்ந்ததைச் சொன்னால் போதும். மூன்று பேரிடம் தனித்தனியே கேளுங்கள். இருவர் ஒரே இடத்தைச் சொன்னால் விளக்கம் கொடுக்காமல், பிரதியில் அந்த வரியைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, மறுநாள் ஒத்திகையை அந்த வரியிலிருந்து தொடங்குங்கள்.