கண் ஆபரேஷனுக்குக் கூடப் போனது யார்?

கேள்வி: எனக்கு 36 வயது. கோவையில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். மேடைக்கு மேடை ஒரு சமூகத்தையே கேவலமாகப் பேசும் தலைவர் ஒருவர். கோர்ட்டில் வழக்கும் நடக்கிறது. அவருக்குத்தான் ஓட்டுப் போட்டேன் என்று என் அப்பா பெருமையடிக்கிறார். அதைவிட அதிர்ச்சி, எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் அவரைப் புகழ்ந்து கட்டுரை எழுதுகிறார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஆதாரத்தோடு எவ்வளவோ எழுதிப் போட்டேன். சண்டைதான் மிச்சம். பொங்கலுக்கும் ஊருக்குப் போகவில்லை. போன மாதம் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். அதற்குக்கூட அந்தக் கட்சிக்காரப் பையன்தான் காரில் கூட்டிக்கொண்டு போனானாம், அந்த அளவுக்கு மூளைச்சலவை! பேராசிரியரிடம் பழைய மரியாதைக்காகப் பேசிக்கொண்டிருக்கிறேன். படிக்காதவர்கள் ஏமாறுவது சரி, படித்தவர்களும் ஏன்? இவர்களை எப்படித் திருத்துவது?
- வாசகி, கோவை

பதில்:

அம்மணி, தலைவர் பெயரை எடுத்துவிட்டுத்தான் உன் கடிதத்தைப் போட்டிருக்கிறேன். பெயர் போனாலும் கடிதத்துக்கு ஒரு சேதமும் இல்லை. வேறு வேறு பெயரோடு இதே கடிதம் எனக்கு வருஷக்கணக்காக வந்துகொண்டிருக்கிறது. மாமனார் ஒரு கட்சி, மருமகன் ஒரு கட்சி என்று பந்தியில் பாதியில் எழுந்துபோன ஒறம்பரைக் கதை எல்லாம் கேட்டாயிற்று. ஆறுதல் வேண்டுமென்றால் ராசிபலன் பக்கத்துக்குப் போய்விடு.

நீ ஆச்சரியக்குறி போட்டு எழுதின அந்த வரியிலேயே நிற்கிறேன். அப்பாவைக் கண் ஆபரேஷனுக்குக் கட்சிக்காரப் பையன் கூட்டிக்கொண்டு போனான். நீ இதைத் தலைவருக்கு எதிரான சாட்சியாக எழுதியிருக்கிறாய். எனக்கு இது உனக்கு எதிரான சாட்சியாகத் தெரிகிறது.

அந்த ஆஸ்பத்திரி நாள் எப்படிப் போயிருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்தாயா? கண்ணை விரிக்கச் சொட்டு மருந்து விட்டு பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள். எதிரில் இருப்பவர் முகம் கலங்கிப்போகும். அந்த நேரத்தில் பாத்ரூம் எங்கே என்று தடவிக்கொண்டு எழுந்த கிழவரின் கையைப் பிடித்தது யார்? கூட வந்தவர் கையெழுத்து என்று ஒரு தாளை நீட்டுவார்களே, அதில் யார் பெயர் இருக்கிறது? "வெசனப்படாதீங்க பெரியப்பா, நானிருக்கறனுங்க" என்று யாரோ ஒருத்தர் சொல்லியிருப்பார். கோபியிலிருந்து கோவை ரெண்டு மணி நேரப் பாதை. நீ கோவையிலேயே இருக்கிறாய்.

இன்னொன்று. புரை ஒரே ராத்திரியில் விழுவதில்லை. ஆபரேஷன் வரைக்கும் போயிருக்கிறது என்றால், நீ ஆதாரம் ஆதாரமாக எழுதித்தள்ளின மாதங்களில் அவருக்குப் போனில் சின்ன எழுத்தைப் படிப்பதே கஷ்டமாக இருந்திருக்கும். உன் ஆதாரங்களை அவர் படித்துவிட்டு மறுத்தார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். மங்கின கண்ணுக்கு எட்டியது தலைவரின் வீடியோ மட்டும்தான், அது காதால் கேட்கிற சமாசாரம். ஒரு வாட்டி போன் போட்டுப் பேசியிருந்தாலும் உன் குரலும் கேட்டிருக்கும். குழுவில் "படிக்காதவர்கள்" என்று எழுதியிருப்பாயே, அதை மட்டும் யாராவது வாசித்துக் காட்டியிருப்பார்கள். சந்தேகமே வேண்டாம்.

ஏன் ஓட்டுப் போடுகிறார்கள் என்று கேட்கிறாயே, பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது. தாலுக்கா ஆபீசில் பட்டா மாறுதலுக்கு நிற்கும்போதும், முதியோர் பணம் நின்றுபோகும்போதும், எழவு வீட்டுக்குச் சாமியானா போடும்போதும் வந்து நிற்கிற ஆள் எந்தக் கட்சியோ, அந்தக் கட்சிக்கு ஊரில் முகம் உண்டு. மேடையில் தலைவர் என்ன பேசினார் என்பது அதற்கப்புறம்.

மீதிப் பாதி, உன் அப்பா நீ நினைக்கிற ஏமாளி இல்லை என்பது. அவர் வயசை நீ எழுதவில்லை. எழுபதை ஒட்டி என்று வைத்துக்கொள்கிறேன். 1970-இல் மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் செத்தார்கள். 1972-இல் விவசாய சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டுவண்டிகளைக் கொண்டுவந்து கோவை ரோடுகளை அடைத்தார்கள். அப்போது ஆட்சி தி.மு.க.வுடையது. 1989-இல் திரும்ப வந்த அதே கலைஞர்தான் எல்லா விவசாயிக்கும் இலவச மின்சாரம் கொடுத்தார். 2003-இல் ஜெயலலிதா அதில் கை வைத்தார். 2004 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் அவர் கூட்டணிக்கு ஒரு இடம்கூட இல்லை. முடிவு வந்த கொஞ்ச நாளில் இலவச மின்சாரமும் திரும்ப வந்தது. பத்து வருஷம் கழித்து 2014 செப்டம்பரில் பெங்களூரு சிறப்பு நீதிமன்றம் சொத்துக் குவிப்பு வழக்கில் அவருக்குச் சிறைத் தண்டனை விதித்தது, 2015 மே மாதம் உயர் நீதிமன்றம் விடுவித்தது, 2016-இல் நம் கொங்கு மண்டலம் கைகொடுக்க மறுபடியும் முதல்வர் ஆனார். வழக்கு நடக்கிறதே, அப்புறமும் எப்படி என்று நீ கேட்பது உன் அப்பாவுக்குப் புதுக்கேள்வியே இல்லை. சுட்டவர்கள் கொடுத்ததையும், கொடுத்தவர்கள் பிடுங்கினதையும், பிடுங்கினவர் பயந்து திருப்பித் தந்ததையும் கிணத்து மேட்டில் நின்று பார்த்தவர். மோட்டார் ஓடுமா, பவானியில் வாய்க்காலுக்குத் தண்ணி விடுவார்களா என்பதுதான் அவர் கணக்கு. யாரையும் தலையில் தூக்கி வைப்பார், தோதுப்படவில்லை என்றால் இறக்கியும் விடுவார்.

இதை நான் மெச்சுகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. இந்தக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. 1977-இல் வடக்கே இந்திரா காந்தியை ரேபரேலியிலேயே தோற்கடித்தார்கள், நெருக்கடி நிலையின் கட்டாயக் கருத்தடை அங்கே வீடு புகுந்திருந்தது. தமிழ்நாடு அவர் கூட்டணிக்கு அள்ளிக் கொடுத்தது. விசாரணை இல்லாமல் உள்ளே போடுகிற மிசா சட்டத்தில் எதிர்க்கட்சிக்காரர்களைப் பிடித்து சென்னைச் சிறையில் அடித்த அடி நம் பக்கத்துத் தோட்டங்காடுகளுக்குக் கேட்கவில்லை. தன் வாசலுக்கு வராத கஷ்டத்துக்கு உன் அப்பா ஓட்டுப் போட மாட்டார். அந்தத் தலைவர் திட்டுகிற ஜனங்கள் உன் அப்பாவின் வரப்பை ஒட்டிக் குடியிருந்தால் கணக்கு மாறும், எங்கேயோ இருந்தால் மாறாது. அந்த ஜனங்களைப் பற்றி அவரிடம் சொல்ல வேண்டியது நீதான், ஆனால் நேரில் போய்ச் சொல். (உன் அம்மாவைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அவர் யாருக்குப் போட்டார் என்று உனக்குத் தெரியுமா? உன் அப்பாவுக்கே தெரியாது என்று பந்தயம் கட்டுவேன்.)

பேராசிரியர் விஷயம் வேறு. அவருக்குப் பட்டா வேண்டாம், ஆம்புலன்ஸ் வேண்டாம், பென்ஷன் ஒன்றாம் தேதி டாணென்று வருகிறது. அவரிடம்தான் நீ கறாராக இருந்திருக்க வேண்டும். நீயோ அப்பாவுக்குப் பொங்கலை வெட்டிவிட்டு, அவருக்கு வணக்கம் வைத்துக்கொண்டிருக்கிறாய். ஒரே குற்றத்துக்குக் காட்டில் இருப்பவருக்கு ஒரு தண்டனை, நூலகத்தில் இருப்பவருக்கு ஒரு தண்டனையா? படிப்புக்கு இவ்வளவு சலுகை கொடுக்க உனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

படித்தவர்கள் அதிகாரத்தின் பக்கம் சாய்வது ஒன்றும் அதிசயம் இல்லை. நெருக்கடி நிலையை ஒழுங்கின் காலம் என்று காந்தியவாதி வினோபா சொன்னதாக அரசாங்கமே ஊரெல்லாம் எழுதிப் போட்டது. ஓவியர் ஹுசைன் இந்திராவைத் துர்க்கையாக வரைந்தார். பசுமைப் புரட்சிக்குப் பேர் வாங்கின நம் பொள்ளாச்சிப் பக்கத்து சி. சுப்பிரமணியம் அந்த 21 மாதமும் நிதியமைச்சர். இவர்கள் யாரும் ரேஷன் அரிசிக்காகப் போனவர்கள் இல்லை. நாடு இப்படிக் கூச்சலும் குழப்பமுமாய்க் கிடக்கிறதே, அதட்டிச் செய்ய ஒரு ஆள் வராதா என்கிற ஆசை படித்தவனுக்குத்தான் ஜாஸ்தி. முப்பது வருஷம் மனு எழுதி நடக்காதது ஒரு கையெழுத்தில் நடக்கும்போது கண் கூசிவிடும். ரிட்டையர் ஆனபிறகு காலேஜ் பக்கம் கூப்பிட நாதி இருக்காது, கட்சி மேடையில் பொன்னாடையும் முன் வரிசை நாற்காலியும் கிடைக்கும். உன் ஐயாவுக்கு இதில் எது என்று எனக்குத் தெரியாது. தமிழுக்கு நல்லது நடக்கும் என்று மனசார நம்பியும் எழுதலாம். அதை நீ கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், ஆனால் கேட்க உனக்குக் கூச்சம்.

உனக்குப் புறநானூறு நடத்தியிருப்பார். சோழ அரசன் கிள்ளிவளவன் தன் எதிரி மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடறப் போனபோது கோவூர்கிழார் என்ன செய்தார் என்றும் நடத்தியிருப்பார். அவரும் அரசனைப் பாடிப் பரிசில் வாங்கின புலவர்தான். யானையைப் பார்த்து அழுகையை மறந்து மிரண்டு நின்ற அந்தச் சின்னப் பிள்ளைகளைக் காட்டி, அவர்களைக் காப்பாற்ற அரசன் முகத்துக்கு நேராகவே பேசினார். அடுத்த வாட்டி வணக்கம் வைக்கும்போது ஐயாவிடம் இதை மட்டும் கேள்: "தலைவரைப் பாராட்டி எழுதுங்க, அது உங்க இஷ்டம். அந்த மேடைப் பேச்சு தப்புன்னு ஒரு வரி எங்கயாச்சும் எழுதியிருக்கீங்களா ஐயா?" எழுதியிருந்தால் அவரோடு தாராளமாக வாதாடு, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடு. எழுதவில்லை, எழுதவும் மாட்டேன் என்றால் அந்த மரியாதையைக் குறைத்துக்கொள். வாத்தியாரை விலக்க ஒரு மாணவிக்கு உரிமை உண்டு.

அப்பாவை விலக்க இல்லை. என்னைக் கட்டுப்பெட்டி என்று திட்டிக்கொள். ஓட்டைப் பார்த்துப் பெத்தவங்களைப் பராமரிக்கிற வீடு எனக்கு வீடாகத் தெரியவில்லை. திண்ணையில் உட்கார்ந்து அந்தத் தலைவர் பேசின அதே பேச்சை அவர் பேசினால், "அப்பா, இது எனக்குப் புடிக்கலீங்க, என் கூட வேலை செய்யற புள்ளயும் அந்த ஜனம்தான்" என்று அங்கேயே சொல். கோபப்படட்டும். சொல்லிவிட்டு மருந்து விடுகிற நேரத்துக்கு மருந்தை விடு. ஆபரேஷன் முடிந்து பல வாரம் சொட்டு மருந்து நேரம் தவறாமல் விட வேண்டும், தலைக்குத் தண்ணி ஊற்றக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது. தோட்டத்து மனுஷர், சொன்னால் கேட்க மாட்டார்.

எப்படித் திருத்துவது என்று கேட்டாய். எனக்குத் தெரியாது, உனக்கும் அது வேலை இல்லை. பெரும்பாலும் ஒரு கண் முடிந்து சில வாரம் விட்டுத்தான் அடுத்த கண்ணுக்குத் தேதி கொடுப்பார்கள். தேதி என்ன என்று இன்றைக்கே அம்மாவைக் கூப்பிட்டுக் கேள், காலேஜில் லீவு சொல்லு. பெட்ரோல், சாப்பாடு என்று அந்தப் பையனுக்கு என்ன செலவாச்சு என்றும் கேட்டுத் திருப்பிக் கொடு. வாங்க மாட்டான். ரெண்டு வாட்டி கேள்.