திட்டுப் பக்கம் கரத்தை நீட்டினால்...

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "வாரப் பத்திரிகைக் குறுக்கெழுத்தை டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவேன். கிரிப்டிக் (பொருளை மறைத்துச் சொல்லும் குறிப்புகள்) என்று வந்தால் ஒரு கட்டம்கூட நிரம்பமாட்டேன் என்கிறது. இந்த லட்சணத்தில் எங்கள் தெருப் பொங்கல் மலருக்கு அப்படி ஒன்று போட்டுத் தரச் சொல்லி என் தலையில் கட்டிவிட்டார்கள். எங்கே ஆரம்பிப்பது?"

இந்தக் குறிப்பில் ஆரம்பிப்போம். *திட்டுப் பக்கம் கரத்தை நீட்டினால் ஆறு (2).* அடைப்புக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை.

படித்ததும் என்ன தோன்றுகிறது? ஆற்று நடுவே மணல் திட்டு, அதில் உட்கார்ந்து ஒருத்தர் தண்ணீரில் கையை விடுகிறார். அந்தக் காட்சியை நம்பினால் தொலைந்தீர்கள், போட்டவர் உங்களை அங்கேயே உட்காரவைக்கத்தான் பார்க்கிறார். கிரிப்டிக் குறிப்பில் விடையின் நேர்ப்பொருள் ஒன்று தொடக்கத்தில் இருக்கும், இல்லையென்றால் கடைசியில் இருக்கும், நடுவில் இருக்காது. மிச்சச் சொற்கள் எல்லாம் விடையை எழுத்தெழுத்தாகச் சேர்ப்பதற்கான வழி. இங்கே கடைசியில் 'ஆறு' நிற்கிறது. அப்படியானால் 'திட்டு' மணலாக இருக்க வேண்டியதில்லையே. நம் பக்கம் அம்மா திட்டினால் 'வைதாள்' என்போம். திட்டு என்றால் வை, கரம் என்றால் கை. வைகை. அகராதி புரட்டியிருந்தால் இது சீக்கிரம் கிடைத்திருக்காது, வீட்டுப் பேச்சில் கிடைத்துவிடும்.

அடுத்தது எழுத்துகளைக் கலைத்துப் போடும் வகை. குழம்பி, சிதறி, ஆடிப்போய், கலவரம் என்று ஏதாவது வந்தால் காது நிமிர வேண்டும். *கலவரத்தில் நரகம் ஆன டவுன் (4).* ந, ர, க, ம் நான்கையும் மாற்றி அடுக்கினால் நகரம். (சாயங்காலம் ஆறு மணிக்கு மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் நின்றவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.)

இந்த வகையில் நானே ஒருமுறை வழுக்கி விழுந்திருக்கிறேன். கவலையைக் கலைத்தால் கலவை வரும் என்று ஒரு குறிப்பு எழுதி அச்சிலும் வந்துவிட்டது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் போன் போட்டு வைதார். கவலையில் இருப்பது க, வ, லை. கலவைக்கு வேண்டியது க, ல, வை. நான் மனதுக்குள் ஆங்கில எழுத்தில் யோசித்திருக்கிறேன், அதுதான் கோளாறு. தமிழில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து, உயிர்மெய்யைப் பிய்த்து எடுக்கக் கூடாது. ஆனால் 'மேல்' என்பதோடு 'ஊர்' சேர்ந்து மேலூர் ஆவதை நான் ஒத்துக்கொள்வேன், அது புணர்ச்சி, நாக்கிலேயே நடப்பது.

மற்ற வகைகள் இவ்வளவு படுத்தாது. *ஆற்றைக் கடக்க உதவுவது கோபாலம்மாளிடம் கொஞ்சம் இருக்கிறது (3)* என்றால் அந்தப் பெயருக்குள்ளேயே பாலம் கிடக்கிறது. *ஆண்டாள் அனுப்பியது பொழுது சாயும் நேரம் (2)* இரட்டைப் பொருள், மாலை. *படி திரும்பியதும் ஈசனே (2)* என்றால் படி என்பது வாசி, திருப்பிப் போட்டால் சிவா. திருப்பும் வகை தமிழில் குறைவுதான், 'ம்'மில் முடிகிற சொல்லைத் திருப்பினால் மெய்யெழுத்தில் ஆரம்பிக்கும், அப்படித் தமிழில் சொல்லே கிடையாது.

இந்த மாதிரி இலக்கணம்தான் உங்களுக்குப் பெரிய துணை, பலர் இதைக் கண்டுகொள்வதே இல்லை. ஒரு கட்டத்தில் க், ச், த், ப் விழுந்திருந்தால் அடுத்த கட்டம் அநேகமாக அதே வரிசைதான். ங் வந்தால் க வரிசை, ஞ் வந்தால் ச வரிசை அல்லது ஞ, ந் வந்தால் த வரிசை அல்லது ந. கடைசிக் கட்டத்தில் வல்லின மெய் நிற்காது. வடமொழிச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் இதை மீறும், ஆனாலும் பாதி விடைகள் இப்படியே பிடிபடும்.

சரி, போடுவதற்கு வருவோம். முதலில் கட்டத்தைச் சொற்களால் நிரப்புங்கள், குறிப்பு அப்புறம். ஆங்கிலத்தில் வழக்கமாக 15-க்கு 15 கட்டம் போடுவார்கள். தமிழ்ச் சொல் எண்ணிக்கையில் சின்னது, முதல் தடவைக்கு 7-க்கு 7 தாராளம். சிக்கல் எங்கே வரும் என்றால், 'மீனாட்சி'யை முதல் வரிசையில் இடமிருந்து வலமாகப் போட்டுவிட்டு மூன்றாம் கட்டத்திலிருந்து கீழே இறங்கப் பாருங்கள், 'ட்' என்று எந்தச் சொல்லும் தொடங்காது, 'னா'விலும் தொடங்காது. மீனாட்சியை மூன்றாம் வரிசைக்கு இறக்குங்கள். மேலிருந்து 'திருட்டு' வந்து அதே 'ட்'டில் சரியாகக் குறுக்கிடும். பெரும்பாலும் ஒற்றெழுத்துதான் வம்பு செய்யும், அது இரண்டு சொல்லுக்கும் நடுவிலோ கடைசியிலோ விழுகிற மாதிரி பார்த்துக்கொண்டால் போதும்.

குறிப்பு எழுதும்போது ஒரு சொல்கூடச் சும்மா நிற்கக் கூடாது. ஏமாற்றலாம், பொய் சொல்லக் கூடாது. 1913-ல் ஆர்தர் வின் நியூயார்க்கில் போட்ட முதல் புதிரில் நேர்க்குறிப்புகள்தான்; இந்தக் குசும்பெல்லாம் 1920-களில் இங்கிலாந்துக்காரர்கள் சேர்த்தது. ஆனால் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் பாடிய காளமேகப் புலவரின் தமிழைப் பேசுகிறவர்களுக்கு அது என்ன கஷ்டம்?

எழுதி முடித்ததும் இரண்டு நாள் எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் தெருவில் ஒருத்தரிடம் கொடுத்துப் பாருங்கள். விடையைச் சொன்னதும் "அட!" என்றால் குறிப்பு தேறியது, "அதெப்படி?" என்றால் திருத்துங்கள்.

கைப்பழக்கத்துக்கு ஒன்று தருகிறேன்: *வெள்ளைக்காரருக்கு முன்னால் மல்லிகை முதலில் வரும் ஊர் (3).* விடை சொல்லப் போவதில்லை. திருமங்கலத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் அங்கே இறங்கிவிடுவீர்கள்.