கோடரியை மட்டும் எடுங்கள், கையை விட்டுவிடுங்கள்

கேள்வி: ஃப்ராஸ்ட்கிரேவ் சிப்பாயின் உடலில் வார்ஹேமர் கேயாஸ் வாரியரின் கோடரிக் கையைச் சூப்பர் க்ளூ வைத்து ஒட்டினேன் (இரண்டும் மேசை விளையாட்டுக்கான சிறு பிளாஸ்டிக் பொம்மைகள்). கை யானைக்கால் மாதிரி தடியாகத் தெரிகிறது. இரண்டு தடவை கழன்றும் விழுந்துவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அளவு. பெட்டியில் 28 மி.மீ. என்று போட்டிருந்தால் அது உயரத்தைத்தான் சொல்கிறது, அதுவும் தோராயமாக. முஷ்டியின் தடிமனைப் பற்றி ஒன்றும் சொல்லாது. கேயாஸ் வாரியரோ சாதாரண மனிதனைவிடப் பெருத்தவனாகவே வடிக்கப்பட்டவன். அதனால் இரண்டு கிட்டை, அதாவது பொம்மைப் பாகங்களின் பெட்டியைக் கலக்கும் முன் முஷ்டியை முஷ்டியோடும் முகத்தை முகத்தோடும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாள், கேடயம், தோல்பை எல்லாம் எங்கிருந்து வந்தாலும் பரவாயில்லை. கோடரி இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று யாருக்கும் கணக்கு இல்லை. கை எவ்வளவு இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே கோடரி மட்டும் வரட்டும். கேயாஸ் முஷ்டிக்கு மேலும் கீழும் காம்பை அறுத்து எடுங்கள். ரம்பம் கொஞ்சம் பிளாஸ்டிக்கைத் தின்னும்; வேண்டாத முஷ்டிப் பக்கமாகத் தள்ளி அறுங்கள். சிப்பாயின் ஆயுதத்தையும் அப்படியே வெட்டி, முஷ்டியை மட்டும் விட்டுவையுங்கள். அந்த முஷ்டியின் நடுவில் கத்தி முனையால் ஒரு குத்து. இல்லாவிட்டால் துளைமுனை வழுக்கிக்கொண்டு போகும். அப்புறம் பின் வைஸ் என்ற சிறு கைத்துளைப்பானில் 1 மி.மீ. முனையைப் பொருத்தி விரலாலேயே மெதுவாகத் திருகித் துளைக்க வேண்டும். மோட்டார் டிரில் வேண்டாம், சூட்டில் பிளாஸ்டிக் இளகிவிடும். இரண்டு காம்புத் துண்டுகளிலும் துளை போட்டு, நிமிர்த்திய பேப்பர் கிளிப் கம்பியை முஷ்டி வழியாக ஊடுருவவிட்டு, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகச் செருகுங்கள்.

கழன்று விழுந்ததற்குக் காரணம் பசை. சூப்பர் க்ளூ இரண்டு துண்டுக்கும் நடுவே மெல்லிய ஏடாக உறைகிறது. தட்டினால் படக்கென்று விட்டுவிடும். உங்கள் இரண்டு கிட்டுமே பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்தான். அதற்குப் பிளாஸ்டிக் சிமென்ட் என்ற பசையைப் போட்டால் இரு பரப்பும் கரைந்து ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். பெயின்ட் இருந்தால் சுரண்டிவிட்டுப் போடுங்கள். கம்பிக்கு மட்டும் சூப்பர் க்ளூ. ரெசின், உலோக பாகங்களில் சிமென்ட் பிடிக்காது, அங்கேயும் சூப்பர் க்ளூதான்.

இடைவெளி தெரிந்தால் கிரீன் ஸ்டஃப், அதாவது இரண்டு நிறத்தைக் கலந்து பிசைந்தால் இறுகும் நிரப்பு மாவு. நீலமும் மஞ்சளும் ஒட்டிய பட்டையாக வாங்கியிருந்தால், அவை தொடும் நடுக்கோடு ஏற்கெனவே இறுகியிருக்கும். அதை வெட்டி எறிந்துவிட்டுப் பிசையுங்கள், இல்லாவிட்டால் மணல்போலக் கட்டி கட்டியாக நிற்கும். கருவியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் ஒட்டாது. சுமார் ஒன்றரை மணி நேரம் வளைந்துகொடுக்கும். முழுதாக இறுக ஒரு இரவு விட்டுவிடுங்கள். மாவில் உருவம் வடிக்கப் பழக்கம் இல்லாதவர்கள் மணிக்கட்டில் ரோமப் பட்டை செய்யலாம், ஊசியால் கீறிக்கொண்டே போனால் போதும்.

இல்லை, அந்தத் தடித்த கைதான் வேண்டும் என்கிறீர்களா? சரி, தலைகீழாகச் செய்யுங்கள். கேயாஸ் உடலை வைத்துக்கொண்டு சிப்பாயின் தலையைப் பொருத்துங்கள். தலை சிறுத்தால் உடம்பு மலைபோலத் தெரியும். ராட்சதனுக்கு அது நன்றாகவே இருக்கும்.

எதையும் ஒட்டும் முன் ப்ளூ டாக்கில் (ஒட்டி எடுத்துவிடக்கூடிய மாவு) நிறுத்திக் கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு நிறப் பிளாஸ்டிக் கண்ணை ஏமாற்றும். ஒட்டியபின் சாம்பல் பிரைமர், அதாவது பெயின்ட்டுக்கு முந்தைய அடிப்பூச்சு, ஒரு தடவை அடியுங்கள். நிரப்பாமல் விட்ட கீறல் அப்போதுதான் பல்லிளிக்கும்.