வக்கீலாக இருந்துகொண்டே பிரபல வழக்குகளைப் பற்றிப் பத்திரிகையில் எழுதலாமா?

எழுதலாம். நீங்கள் வக்கீலாகப் பதிவு செய்து (என்ரோல் ஆகி) இரண்டு மூன்று வருடம் ஆன ஜூனியர், சீனியர் என்ன சொல்வாரோ என்ற பயத்தில் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். வக்கீல்களின் நடத்தை விதிகளை வகுக்கும் பார் கவுன்சிலின் விதி 51 பத்திரிகை எழுத்தை அனுமதிக்கிறது. அது முழுநேர வேலையாகவோ விளம்பரமாகவோ ஆகிவிடக் கூடாது, அவ்வளவுதான். நீங்கள் ஆஜராகும் வழக்கைப் பற்றிப் பேட்டி கொடுத்துக் கட்சிக்காரரைப் பிடிப்பதை விதி 36 தடுக்கிறது. ஆகவே பழைய வழக்குகளை எடுங்கள்.

எனக்கு ஆசை வந்தது ஏ.ஜி. நூரானியைப் படித்துத்தான். பம்பாய் வக்கீல், 2024-இல் காலமானார். பகத்சிங் வழக்கைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியவர். தூக்குப் போட்டது ஊருக்கே தெரியும். 1930 மே 1 அன்று வைஸ்ராய் இர்வின் பிரபு அவசரச் சட்டம் போட்டுத் தனித் தீர்ப்பாயம் அமைத்து, ஹைகோர்ட் அப்பீலையே இல்லாமல் செய்ததை எத்தனை பேர் பேசுகிறோம்? கோர்ட்டுக்குள்ளேயே கைதிகளை அடித்தபோது, அவர்களை வெளியேற்றச் சொன்ன உத்தரவில் தனக்குப் பங்கில்லை என்று பதிவு செய்த தீர்ப்பாய நீதிபதி ஆகா ஹைதர், ஜூனில் தீர்ப்பாயத்தை மாற்றியமைத்தபோது அதில் இல்லை. வக்கீலின் கண்ணுக்குத்தான் இதெல்லாம் படும்.

நான் எழுதியது சினிமாப் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு, ஒரு மாத இதழில். சின்ன வயதிலிருந்து கேட்டதை அப்படியே எழுதிவிட்டேன்: அதில் தண்டனை பெற்ற நடிகர்கள் தியாகராஜ பாகவதரையும் என்.எஸ். கிருஷ்ணனையும் பிரிவி கவுன்சில் (அன்று லண்டனில் இருந்த கடைசி அப்பீல் மன்றம்) விடுதலை செய்தது என்று. இதழ் வந்த வாரமே எழுபது தாண்டிய வக்கீல் ஒருவர் போன் செய்தார்.

"தம்பி, தீர்ப்பைப் படிச்சீங்களா?"

படிக்கவில்லை. பிரிவி கவுன்சில் அப்பீலை மறுபடி விசாரிக்கச் சொல்லிச் சென்னைக்கே திருப்பி அனுப்பியது. 1947 ஏப்ரலில் விடுதலை செய்தது சென்னை ஹைகோர்ட். திருப்பி அனுப்புவதற்கும் விடுதலைக்கும் உள்ள வித்தியாசத்தை வக்கீலே குழப்பினால் வேறு யார் சரியாக எழுதுவார்கள்? அன்றிலிருந்து தீர்ப்பு நகலைக் கையில் வைத்துக்கொள்ளாமல் ஒரு வரி எழுதுவதில்லை.

பாகவதர் ரசிகர்கள் கோபிக்க வேண்டாம். அவர்கள் குற்றவாளிகள் இல்லை என்று கோர்ட்டே சொல்லிவிட்டது, அதை நான் மறுக்கவில்லை. எந்தக் கோர்ட் சொன்னது என்பதுதான் என் பேச்சு. "இது சின்ன விஷயம்" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் ஜெயிலில் இருந்தவர்களின் கதையில் எதுவும் சின்ன விஷயம் இல்லை.

திருத்தம் போடச் சொல்லி இதழுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். போடவில்லை. கட்டுரைக்குப் பணமும் வரவில்லை, அது போகட்டும். ஒரு யூடியூப் சேனல்காரர் என் கட்டுரையை வரிக்கு வரி வாசித்துக் காணொளி போட்டிருக்கிறார். என் பெயர் இல்லை, தப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. எழுதியவன் நான்தான், அந்த இடம் தவறு என்று கீழே எழுதினேன். கமெண்டை நீக்கிவிட்டார். காணொளி இன்னும் இருக்கிறது.