பெயர் நீண்டால் விக்கி முறைக்கும்

கேள்வி: தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளை வைத்து லயத்துக் கதைகள், தோட்டத்துப் பேச்சு வழக்குகளைச் சேர்க்க டோக்குவிக்கி (பலர் சேர்ந்து பக்கங்களை எழுதும் விக்கி மென்பொருள்) போட்டிருக்கிறோம். நூலகத்துப் பழைய லினக்ஸ் கம்பியூட்டர்தான் சேர்வர். 'கொழுந்து' என்று பக்கம் தொடங்கினால் சேமிக்கிறது. 'தோட்டத்துப் பெயர்களும் பெரட்டுக்களத்து வழக்கும்' என்றால் எழுத முடியவில்லை என்று சிவப்பில் பிழை காட்டுகிறது. கோப்புறை அனுமதியை 777 (யாரும் படிக்கலாம், எழுதலாம்) ஆக்கியும் பார்த்தாயிற்று.
(ஓர் ஆசிரியை, தலவாக்கலை)

பதில்: டீச்சர், முதலில் அந்த 777ஐ எடுத்துவிடுங்கள், வாசல் கதவைக் கழற்றி வைத்த மாதிரி அது. டேட்டா கோப்புறைக்கு வலைச்சேர்வரின் பயனரை உரிமையாளர் ஆக்கினால் போதும், உபுண்டுவில் அந்தப் பயனர் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா. ஆனால் உங்கள் சிக்கல் அனுமதியே இல்லை. அனுமதிதான் கோளாறு என்றால் 'கொழுந்து' மட்டும் எப்படிச் சேமிக்கும்?

டோக்குவிக்கிக்கு டேட்டாபேஸ் கிடையாது, ஒவ்வொரு பக்கமும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு, பக்கத்தின் பெயர்தான் கோப்பின் பெயர். தமிழ்ப் பெயரை அது அப்படியே எழுதாமல் சதவீதக் குறி போட்டு மாற்றி எழுதுகிறது, அதில் ஒரு தமிழ்க் குறிக்கு 9 எழுத்து போய்விடும். புள்ளியும் கொம்பும் காலும்கூடத் தனிக்குறிதான் ('கொ', 'தோ' போன்றவற்றில் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறி), ஆகவே 'கொழுந்து' என்பதே 8 குறி, 72 எழுத்து. உங்கள் நீளத் தலைப்பை எண்ணிப் பார்த்தேன், 44 குறி, இடைவெளிகளுக்குப் பதிலாக வரும் 3 அடிக்கோடுகளோடு 399 எழுத்து, எழுத்துக்கு ஒரு பைட். லினக்ஸில் கோப்புப் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. அதுதான் விஷயம்.

வழி இரண்டு. அமைப்புகளில் எஃப்என்என்கோட் (கோப்புப் பெயரை எழுதும் முறை) என்பதை யூடிஎஃப்-8 ஆக்கினால் ஒரு குறிக்கு 3 பைட்தான், தலைப்பு தாராளமாக அடங்கும். ஆனால் மாற்றிய கையோடு பழைய தமிழ்ப் பக்கங்கள் காணாமல் போனது போல் தெரியும், பயப்படாதீர்கள், அழியவில்லை, விக்கி வேறு பெயரில் தேடுகிறது, அவ்வளவுதான். பழைய அமைப்புக்குத் திரும்பினால் வந்துவிடும். நான் இரண்டாவது வழியைத்தான் சொல்வேன்: பக்கத்துக்குக் குட்டிப் பெயர், 'பெரட்டு' போதும். முழுத் தலைப்பைப் பக்கத்தின் முதல் தலைப்பு வரியாக எழுதி, 'முதல் தலைப்பையே பெயராகக் காட்டு' என்ற அமைப்பை இயக்குங்கள்.

அப்புறம், மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும் ஊர் நம்முடையது. வெள்ளிக்கிழமை தோறும் டேட்டா, கான்ஃப் இரண்டு கோப்புறைகளையும் பென் ட்ரைவில் நகலெடுத்து வையுங்கள். டேட்டாபேஸ் இல்லாததால் பக்கங்களுக்கும் அமைப்புகளுக்கும் அதுவே பேக்கப். நிறுவிய பிறகு இன்ஸ்டால் கோப்பை நீக்கினீர்களா என்றும் பாருங்கள்.

கேள்வி: வேர்ட்பிரஸ் வலைப்பூவைப் புதிய சேர்வருக்கு மாற்றினேன், தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகிவிட்டது. திருப்பி எடுக்கலாமா?
(ஒரு வாசகர், பண்டாரவளை)

பதில்: பழைய சேர்வரை இன்னும் ரத்துச் செய்யவில்லையே? செய்யாதீர்கள். புதிய டேட்டாபேஸின் அட்டவணை லத்தீன் குறியீட்டில் இருந்தால், அதற்குத் தெரியாத எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிடும். அப்படிப் பதிவானதிலிருந்து தமிழை மீட்க முடியாது. லத்தீன் எழுத்துக் குப்பையாகத் தெரிந்திருந்தால்தான் பைட்டுகள் உள்ளே பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம். நீங்கள் எடுத்து வந்த பேக்கப் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள், அதில் தமிழ் தெரிந்தால் கவலையில்லை: டேட்டாபேஸை யூடிஎஃப்8எம்பி4 என்ற, தமிழை ஏற்கும் குறியீட்டில் புதிதாக உருவாக்கி, பேக்கப்பை அதில் இறக்கும்போதும் அதே குறியீட்டைக் கொடுத்து, வேர்ட்பிரஸின் அமைப்புக் கோப்பிலும் அதையே எழுதுங்கள். தெரியாவிட்டால் பழைய சேர்வரிலிருந்து மறுபடி பேக்கப் எடுக்க வேண்டும்.

கேள்வி: என் வேர்ட்பிரஸ் தளத்தில் முகப்பு திறக்கிறது, பதிவுகள் எல்லாம் 404 (பக்கம் இல்லை) என்கிறது.
(ஒரு மாணவர், ஹட்டன்)

பதில்: தம்பி, வேர்ட்பிரஸ் அமைப்புகளில் நிரந்தர இணைப்புப் பக்கத்தைத் திறந்து, ஒன்றையும் மாற்றாமல் சேமி பொத்தானை ஒருதடவை அழுத்துங்கள். சரியாகாவிட்டால் அப்பாச்சி வலைச்சேர்வரில் ரீரைட் (முகவரியை மாற்றி அனுப்பும் பகுதி) இயங்குகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.