"மூத்திரம் நல்லாப் போகுது, எனக்கென்ன?" என்கிற அப்பாவுக்கு

திருவாரூர் பக்கத்திலிருந்து ஒரு மகன் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு வயது 63, அவருடைய அண்ணன் புராஸ்டேட் (ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) புற்றுநோயில் இறந்தவர். மூன்று வருடம் முன்பு அப்பாவுக்குச் சிறுநீர் அடைத்தபோது புராஸ்டேட் வீக்கம் என்று சொல்லி, டாம்சுலோசினும் (மூத்திர வழியைத் தளர்த்துவது) டூட்டாஸ்டெரைடும் (வீக்கத்தைச் சுருக்குவது) சேர்ந்த மாத்திரை கொடுத்தார்கள், இன்றும் போடுகிறார். போன மாதம் ஒரு முகாமில் எடுத்த பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கும் புரதம், புற்றுநோய் இருந்தால் கூடலாம்) ரத்தப் பரிசோதனையில் 2.9. நார்மல் என்று சொல்லி, புற்றுநோய் வராமல் தடுக்குமென்று ஒரு டப்பா காப்ஸ்யூலும் விற்றிருக்கிறார்கள். "மூத்திரம் நல்லாப் போகுது, ரிப்போர்ட்டும் நார்மல், இனி எதுக்கு டாக்டர்?" என்கிறாராம் அப்பா. அப்படியே விட்டுவிடலாமா?

விடாதீர்கள். அந்த 2.9 உண்மையான கணக்கு இல்லை.

டூட்டாஸ்டெரைடை ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிட்டால் பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பாதியாக இறங்கிவிடும். அதனால் வரும் எண்ணை இரண்டால் பெருக்கித்தான் பார்க்க வேண்டும், அப்பாவுக்கு அது 5.8. லேப் ரிப்போர்ட்டில் வழக்கமாகப் போடும் வரம்பு 4. அதே வகை மருந்தான ஃபினாஸ்டெரைடுக்கும் இதே கதைதான், முடி கொட்டுவதற்கென்று இளைஞர்கள் போடும் சின்ன டோஸும் இதில் சேர்த்தி. டாம்சுலோசின் மட்டும் போடுபவர்களுக்கு இந்தப் பெருக்கல் தேவையில்லை. இன்னொன்று, இந்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எண் மெல்ல ஏறினால், அது 4-க்குள் இருந்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். எத்தனை முகாம்களில், எத்தனை 'முழு உடல் பரிசோதனை' பேக்கேஜ்களில் "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க" என்று ஒரு வார்த்தை கேட்கிறார்கள்? படிவத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும், அதைக்கூடச் செய்வதில்லை. ரத்தம் எடுத்து, நார்மல் என்று அச்சடித்து அனுப்பிவிடுகிறார்கள், அதை நம்பி மனிதர்கள் வருடக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள்.

பயந்துவிடவும் வேண்டாம். வீங்கிய புராஸ்டேட்டே 5.8 காட்டலாம், சிறுநீர்த் தொற்று இருந்தாலும் ஏறும்.

மூத்திரம் நன்றாகப் போவதைப் பற்றி அப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: வீக்கம் வருவது சுரப்பியின் உள்பகுதியில், மூத்திரக் குழாயைச் சுற்றி, அதனால்தான் அடைக்கிறது. புற்றுநோய் பெரும்பாலும் தொடங்குவது வெளி ஓரத்தில், மலக்குடல் பக்கம். ஆரம்பத்தில் எந்தத் தொந்தரவும் தெரியாது. ஆசனவாய் வழியாக விரல் விட்டுப் பார்க்கும் பரிசோதனையை மானப் பிரச்சினையாக நினைத்து மறுப்பவர்கள் நிறைய, ஆனால் டாக்டரின் விரலுக்கு எட்டுவது அந்த ஓரம்தான், அரை நிமிடத்தில் முடிந்துவிடும். கூடப்பிறந்த அண்ணனுக்கு வந்திருப்பதால் அப்பாவுக்கு வாய்ப்பு மற்றவர்களைவிட இரு மடங்குக்கும் மேல்.

அப்புறம் அந்த டப்பா. லேபிளைப் படியுங்கள், செலினியம், வைட்டமின் ஈ என்று இருக்கும். அமெரிக்கா, கனடாவில் 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களைப் பிரித்து, சிலருக்கு இவற்றில் ஒன்று, சிலருக்கு இரண்டும், சிலருக்கு வெற்று மாத்திரை என்று கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இல்லையென்று 2008-இல் மாத்திரையை நிறுத்தினார்கள். 2011-இல் வந்த கணக்கில், வைட்டமின் ஈ மட்டும் சாப்பிட்டவர்களுக்கு, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிடப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியிருந்தது. இதைத் 'தடுப்பு மருந்து' என்று விற்பவரிடம் ரசீது கேளுங்கள், பேச்சை மாற்றிவிடுவார். லாட்ஜில் ரூம் போட்டு மாதம் ஒரு நாள் வந்து போகும் 'ஆண்மை வைத்தியர்' தரும் லேகியத்தையும் தொடாதீர்கள், அதில் என்ன கலந்திருக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

டாக்டர் பயாப்சி (ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துப் புற்றுநோயா என்று பார்ப்பது) சொன்னால், ஊசி பட்டால் கட்டி பரவும் என்று யாராவது பயமுறுத்துவார்கள். அந்தப் பயத்தால் பயாப்சியைத் தள்ளிப்போடாதீர்கள். பயாப்சியில் கவனிக்க வேண்டியது கிருமித்தொற்று, அதைத் தடுக்க வழக்கமாக மருந்து கொடுத்துச் செய்வார்கள். இப்போதெல்லாம் முதலில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன், தேவைப்பட்டால்தான் ஊசி. புற்றுநோய் என்றே வந்தாலும், மெதுவாக வளரும் வகைக்கு ஆபரேஷன் செய்யாமல் கண்காணித்துக்கொண்டே இருப்பதும் உண்டு.

சரி, செய்ய வேண்டியது: மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். யூராலஜி (சிறுநீர்ப் பாதை நோய்களுக்கான) டாக்டரிடம் போங்கள், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பார்க்கலாம். காலி மாத்திரை அட்டை, முகாம் ரிப்போர்ட், மூன்று வருடம் முன்பு மாத்திரை தொடங்குமுன் எடுத்த பழைய பி.எஸ்.ஏ. சீட்டு, மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள். அப்பாவின் அண்ணனுக்கு எந்த வயதில் புற்றுநோய் வந்தது என்பதை அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.