வெண்டைக்காயின் நுனி

அன்புள்ள ஐயா,

ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகளிடம் செம்பருத்திப் பூவைப் பிரித்து அட்டையில் ஒட்டிவரச் சொன்னார்கள். புல்லி, அல்லி, மகரந்தத்தாள், சூலகம் என்று ஒட்டிப் பெயரும் எழுதிவிட்டாள். பிறகு, "சூற்பைதான் காயாகும்னு போட்டிருக்கே, நம்ம செம்பருத்தி ஏம்மா காய்க்கவே இல்ல?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இன்னொன்று, மாடியில் பரங்கிக்கொடி இரண்டு வாரமாகப் பூத்துப் பூத்து உதிர்கிறது. என்ன மருந்து அடிக்கலாம்? பாகங்களின் பெயர்களைத் தமிழில் சொல்லித்தருவதா, ஆங்கிலத்திலா என்றும் சொல்லுங்கள்.

க., தாராபுரம்

அன்புள்ள க.,

முதலில் அந்தப் பெண்ணைத் தட்டிக்கொடுங்கள். காய்க்காத பூவைக் கையில் கொடுத்து "இது காயாகும்" என்று பாடம் நடத்துவது எனக்கு வெகுநாளாக உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம். அதையே அவள் கேட்டுவிட்டாள்.

தோட்டச் செம்பருத்தியை நாம் தலைமுறை தலைமுறையாகக் குச்சி வெட்டி நட்டே பெருக்கிவருகிறோம். பெரும்பாலான வகைகளில் விதை பிடிப்பது அரிது. அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத்தாள்கள் பலவும் இதழாகவே மாறிவிட்டன. பூ பெரிது, பாகங்கள் தெளிவாகத் தெரியும், அதனால் பாடத்தில் இடம்பிடித்துவிட்டது. ஆனால் மாலையில் வாடி, காம்போடு கீழே விழுகிற பூவில் எந்தப் பாகம் எதற்கு என்று குழந்தைக்கு எப்படித் தெரியும்?

அதே குடும்பத்தில் வெண்டை இருக்கிறது. பாகங்களும் ஏறக்குறைய அதேதான். விதையை இரவு ஊறவைத்து, 2 செ.மீ. ஆழத்தில், ஒரு பைக்கு ஒரு செடியாக விடுங்கள். நாற்பது, நாற்பத்தைந்து நாளில் பூக்கும். காலையில் விரிந்த பூ ஒன்றைக் கிள்ளி மகளிடம் கொடுங்கள். வெளியே மெல்லிய பச்சை நாக்குகள், அவற்றுக்குள் மொட்டைப் பொத்திவைத்திருந்த புல்லி. பூ விரியும்போது அது ஒரு பக்கமாகக் கிழிந்திருப்பதைப் பார்க்கலாம். அப்புறம் ஐந்து மஞ்சள் இதழ்கள், அடியில் கருஞ்சிவப்பு. நடுவில் ஒரு குழல், அதைச் சுற்றிலும் மகரந்தப்பைகள், உச்சியில் வெல்வெட் மாதிரிக் கருஞ்சிவப்புச் சூல்முடி. குழலை பிளேடால் நீளவாக்கில் மெதுவாகக் கீறுங்கள். உள்ளே நூல் போலச் சூல்தண்டு இறங்கும். அந்த நூல் முடிகிற இடத்தில், சுணையோடு, வரிவரியாக, சுண்டுவிரல் நகத்தளவில் ஒரு வெண்டைக்காய் நிற்கும். அதுதான் சூற்பை. பெயர் எழுதி ஒட்டவே வேண்டாம்.

செடியில் இன்னொரு பூவுக்கு நூல் கட்டித் தேதி எழுதிவையுங்கள். இதழும் குழலும் புல்லியும் அவற்றின் வேலை முடிந்து ஓரிரு நாளில் கழன்றுவிடும். ஐந்து முதல் ஏழு நாளில் காய் பறிக்கலாம். குறுக்கே வெட்டினால் ஐந்து அறை, அறைக்கு ஒரு வரிசை விதை, எல்லாம் நடு அச்சில் ஒட்டியிருக்கும். கடையில் முற்றலா என்று பார்க்க நுனியை ஒடிக்கிறோமே, சூல்தண்டு நின்ற இடம் அதுதான். ஒரு காயைப் பறிக்காமல் விட்டால் காய்ந்து, அந்த வரிகளின் வழியாகவே வெடிக்கும்.

மகரந்தம் எதற்கு என்பதையும் அவளே பார்க்கட்டும். மறுநாள் விரியப்போகிற மொட்டு பருத்து, நுனியில் மஞ்சள் காட்டும். மாலை நான்கு மணிக்கு மேல் அப்படி இரண்டு மொட்டுகளில் அடியைச் சுற்றி மேலாகக் கீறி, புல்லி, இதழ், குழல் மூன்றையும் சேர்த்து மேலே உருவுங்கள். சூற்பையும் சூல்தண்டும் மட்டும் நிற்க வேண்டும். இரண்டையும் காகித உறையால் மூடுங்கள். காலை எட்டு மணிக்கு வேறொரு பூவின் குழலைக் கொண்டுவந்து ஒன்றின் சூல்முடியில் தடவி மறுபடி மூடுங்கள். மற்றதைத் தொட வேண்டாம். தடவியது காய்க்கும், தடவாதது பழுத்து உதிரும். இரண்டுமே உதிர்ந்தால் பிளேடு சூற்பையில் பட்டிருக்கும், அல்லது தண்டு ஒடிந்திருக்கும். ஒரே மொட்டில் செய்துபார்த்தால் காயத்தால் உதிர்ந்ததா, மகரந்தம் இல்லாமல் உதிர்ந்ததா என்று சொல்ல முடியாது. அதனால்தான் இரண்டு. மூன்று ஜோடி செய்தால் இன்னும் நல்லது. குழலை உருவாமல் மொட்டை வெறுமனே மூடிவைத்தால் மட்டும் போதாது. வெண்டை தன் மகரந்தத்தாலேயே காய்க்கும், உறைக்குள்ளும் காய்த்துவிடும்.

தமிழா ஆங்கிலமா என்றால், வீட்டில் எந்த மொழி பேசுகிறீர்களோ அதில் சொல்லுங்கள். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

பரங்கிக்கு வருகிறேன். பூ உதிர்ந்தால் உடனே மருந்தா? கொடிக்குக் கீழே குனிந்து ஒரு பூவையாவது பார்த்தீர்களா? பரங்கியில் ஆண்பூ தனி, பெண்பூ தனி, முதலில் வருவது ஆண்பூ. அது உதிரத்தான் செய்யும். பெண்பூவுக்குக் கீழே உருண்டையாகப் பிஞ்சு இருக்கும், ஆண்பூவுக்கு வெறும் காம்புதான். பிஞ்சோடு பூத்து, அந்தப் பிஞ்சு மஞ்சளாகி விழுந்தால் பெரும்பாலும் மாடிக்குத் தேனீ வரவில்லை என்று பொருள். நீங்கள் மருந்தடித்தால் வருகிற ஒன்றிரண்டும் வராது. காலை ஆறிலிருந்து எட்டுக்குள் ஆண்பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுத்தண்டைப் பெண்பூவின் சூல்முடியில் எல்லா மடலிலும் படும்படி தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணும். பத்து மணிக்கு மேல் போய் நிற்காதீர்கள், பூ மூட ஆரம்பித்திருக்கும்.